ஒரே நாற்று, ஊருக்கு ஊர் வேறு பழம்: ஸ்ட்ராபெர்ரியும் வளரும் சூழலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டிக்குச் சுற்றுலா வருபவர்களில் சிலர், பழக்கடை வாசலில் விற்கும் ஸ்ட்ராபெர்ரிச் செடி ஒன்றை பாலிதீன் பையோடு வாங்கிக்கொண்டு மலையிறங்குவார்கள். இரண்டு மாதம் கழித்து போன் வரும். "அண்ணே, ஒரு தடவை காய்ச்சுது. அப்புறம் வெறும் இலையா விட்டுக்கிட்டு இருக்கு. கடைக்காரர் ஏமாத்திட்டாரா?" இந்த ஒரு கேள்விக்கு வருஷம் முழுக்க பதில் சொல்லிச் சொல்லி, அதைச் சுற்றி வந்த மற்ற கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதி வைக்கிறேன். கோத்தகிரிப் பக்கம் சின்ன தோட்டம் வைத்திருப்பவன், தாவரவியல் படித்தவன் என்ற இரண்டு தகுதிதான் எனக்கு.

ஸ்வீட் சார்லி என்று ரகத்தின் பெயர் ஒன்றுதான். மகாராஷ்டிராவின் மகாபலேஸ்வரில் ஒரு மாதிரி, ஊட்டியில் ஒரு மாதிரி இருப்பது ஏன்?

ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களில் செடியை விதை போட்டுப் பெருக்குவதில்லை. தாய்ச்செடி நீளமாக ஓடுதண்டு விடும், தோட்டத்தில் ரன்னர் என்போம். அதில் ஒன்று விட்டு ஒரு கணுவில் சேய்ச்செடி உருவாகி, வேர் பிடித்ததும் தனிச்செடியாகிவிடும். அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகம் 1992-ல் ஸ்வீட் சார்லியை வெளியிட்டது. இன்று உலகில் அந்தப் பெயரில் உள்ள எல்லாச் செடிகளும் அன்றைய ஒரே செடியின் துண்டுகள்தான். மரபணுவில் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம்.

மகாபலேஸ்வர் சுமார் 1,350 மீட்டர் உயரம், ஊட்டி 2,240 மீட்டர். மழை வரும் மாதம் வேறு, இரவுக் குளிர் வேறு, மண் வேறு. ஒரே செடி அந்த இரண்டு இடத்திலும் இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. ரகத்தோடு சேர்ந்து வருவது "இத்தனை கிராம், இத்தனை இனிப்பு" என்று எழுதி ஒட்டிய கணக்கு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வருவது ஒரு நடத்தை: குளிர்ந்தால் இப்படி, காய்ந்தால் இப்படி, நிழலில் இப்படி. இதற்குத் தாவரவியலில் எதிர்வினைப் போக்கு என்று பெயர்.

இரண்டு ரகங்களின் போக்கு ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போவதும் உண்டு. குளிர்ந்த தோட்டத்தில் முதலிடம் பிடித்த ரகம் வெப்பமான தோட்டத்தில் பின்னுக்குப் போய்விடும், அங்கே பின்தங்கியது இங்கே முந்திவிடும். "எது நல்ல ரகம்?" என்று கேட்பவர்களிடம் "உங்களுக்கு எந்த ஊர்?" என்று நான் திருப்பிக் கேட்பது அதனால்தான்.

ஒரு வித்தியாசம் மரபால் வந்ததா, சூழலால் வந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இடம் மாற்றி நட்டுப் பார்ப்பதுதான் வழி. வேறு வேறு ஊர்ச் செடிகளை ஒரே தோட்டத்தில் நட்டால் சூழல் எல்லாவற்றுக்கும் பொது. அதற்குப் பிறகும் வித்தியாசம் நீடித்தால் அது பெரும்பாலும் மரபு. ஒரே செடியின் துண்டுகளை வேறு வேறு ஊரில் நட்டால் மரபு பொது. அப்போது தெரியும் வித்தியாசம் சூழல்.

இந்த முறையைப் பாடப்புத்தகத்துக்குக் கொண்டுவந்த ஆய்வு, ஸ்ட்ராபெர்ரியின் நெருங்கிய உறவான பொட்டென்டில்லா என்ற செடியில் நடந்தது. கலிபோர்னியாவில் கிளாசன், கெக், ஹீசி என்ற மூவர் செடிகளைத் துண்டுபோட்டு மூன்று தோட்டங்களில் நட்டார்கள். கடல்மட்டத்தை ஒட்டிய ஸ்டான்போர்டு, சுமார் 1,400 மீட்டரில் மேத்தர், சுமார் 3,050 மீட்டரில் டிம்பர்லைன். முடிவுகள் 1940-ல் வெளியாயின. ஒவ்வொரு துண்டும் இடத்துக்கு ஏற்ப உயரத்தையும் பூக்கும் காலத்தையும் மாற்றிக்கொண்டது. ஆனால் கடற்கரைச் செடி எத்தனை மாறினாலும் மலையுச்சிச் செடியாகவில்லை. மாறும் அளவுக்கும் ஓர் எல்லை இருக்கிறது, அந்த எல்லையை வகுப்பது மரபு.

ஓடுதண்டு விடுவதால் ஸ்ட்ராபெர்ரி இத்தகைய சோதனைக்கென்றே படைத்தது போன்ற செடி. மாமரத்தில் இதைச் செய்ய ஒட்டுக்கட்டி வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

ஊட்டியில் வாங்கிய செடி கோயம்புத்தூரில் ஒருமுறை காய்த்துவிட்டு ஏன் நின்றுபோனது?

நீங்கள் கண்ட அந்த ஒரு காய்ப்பு ஊட்டியின் பழம். கோயம்புத்தூர் அதைப் பழுக்க வைத்தது, அவ்வளவுதான்.

செடியின் நடுவில், மண்ணை ஒட்டி, கட்டையாக ஒரு குறுந்தண்டு இருக்கும். பூமொட்டு வெளியே தெரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே அதற்குள் பூ உருவாகத் தொடங்கிவிடும். நீங்கள் செடி வாங்கியபோது உள்ளே அடுத்த பூங்கொத்து தயாராக இருந்திருக்கும். அது வெளியே வந்து காய்த்தது. புதுப் பூ உருவாக வேண்டுமானால் குளிர்ந்த நாட்கள் தொடர்ந்து வேண்டும். பொதுவாக 15 டிகிரியைச் சுற்றி இருந்தால் செடிக்கு வசதி, 25 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலான ரகங்கள் பூ உருவாக்குவதை நிறுத்திக்கொண்டு இலையும் ரன்னருமாகப் போகும். சமவெளியில் மார்கழி, தை தவிர மற்ற மாதங்களில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

சமவெளியில் வளர்க்கவே முடியாது என்று சொல்ல மாட்டேன். அக்டோபர் கடைசியில் மலை நாற்று வாங்கி நட்டு, பிப்ரவரி வரை கிடைப்பதைப் பறித்துக்கொண்டு, அதோடு ஒரு பருவச் செடி என்று முடித்துக்கொண்டால் மனக்கசப்பு இருக்காது. கடைக்காரரைத் திட்டத் தேவையில்லை.

பகல் நீளம்தான் பூக்க வைக்கிறது என்று படித்தேன். நம் மலைக்கு அது பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். இணையத்தில் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பா, வட அமெரிக்காவுக்கு எழுதியவை. அங்கே கோடையில் பகல் 16 மணி நேரம், அதற்கு மேலும் போகும். பழைய வகை ஸ்ட்ராபெர்ரிகள் பகல் குறுகும் இலையுதிர் காலத்தில் பூவை உருவாக்கி, பனிக்காலம் முழுக்க உறங்கி, வசந்தத்தில் பூக்கும். பகல் நீண்டதும் ரன்னர் விடும்.

ஊட்டி நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரி வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுக்க பகல் பதினொன்றரை மணிக்கும் பதின்மூன்று மணிக்கும் இடையில்தான் ஆடும். குறும்பகல் ரகம் என்று சொல்லப்படும் செடிக்கு நம் ஆடி மாதமும் குறும்பகல்தான். ஆகவே இங்கே வாலைப் பிடித்து ஆட்டுவது வெப்பநிலை. பகல் நீளத்தை வைத்து ரகம் பிரிக்கும் வெளிநாட்டு அட்டவணையை அப்படியே இங்கே போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

காட்டு இனத்தில் இந்த விஷயம் இன்னும் சுவாரசியம். ஐரோப்பியக் காடுகளில் வளரும் ஃபிராகேரியா வெஸ்கா நார்வே முழுவதும் உண்டு. வெவ்வேறு இடத்துச் செடிகளை ஒரே கட்டுப்பாட்டு அறையில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை குறும்பகலும் மிதமான குளிரும் கிடைத்ததும் பூத்தன. 70 டிகிரி வடக்கே, ஆல்ட்டா பகுதியிலிருந்து வந்தவை மட்டும் அசையவில்லை. கடுங்குளிரை நீண்ட நாள் அனுபவித்த பிறகே அவை பூக்கும், தட்பப்பதனம் என்ற இந்தக் குளிர் அனுபவம் கட்டாயம். கோடை சட்டென்று கண்ணைக் காட்டிவிட்டு ஓடும் ஊரில் அவசரப்பட்டுப் பூப்பது ஆபத்து என்பது அந்தச் செடியின் மரபிலேயே எழுதப்பட்டுவிட்டது.

அதே இனத்தில் வருஷம் முழுக்க பூக்கும் ஆல்பைன் வகையும் இருக்கிறது. பூப்பதைத் தடுத்து வைக்கும் டி.எஃப்.எல்.1 என்ற மரபணுவில் இரண்டே டி.என்.ஏ. எழுத்து விடுபட்டதால் அந்தத் தடை போய்விட்டது. பூட்டு உடைந்த கதவு மாதிரி, கோடைப் பகலிலும் அது பூத்துக்கொண்டே இருக்கும்.

எந்தப் பருவத்திலும் காய்க்கும் 'டே நியூட்ரல்' ரகங்கள் எங்கிருந்து வந்தன?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், வாசாட்ச் மலைத்தொடரில் வளர்ந்த ஒரு காட்டுச் செடியிலிருந்து. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ராய்ஸ் பிரிங்ஹர்ஸ்ட் அதை எடுத்து வந்து வளர்ப்பு ரகங்களோடு பலமுறை கலந்தார். 1979-80 வாக்கில் முதல் ரகங்கள் வெளிவந்தன. இன்று பேர்போன ஆல்பியனும் இந்த வகைதான். பகல் நீளத்தைப் பொருட்படுத்தாது என்பது சரி, வெப்பத்தையும் பொருட்படுத்தாது என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள்.

நாற்று எங்கே வளர்ந்தது என்பது அவ்வளவு முக்கியமா? ரகம் ஒன்றுதானே?

நான் பதில் சொல்ல மிகவும் விரும்பும் கேள்வி இது. புளோரிடா விவசாயிகள் வெப்பமான ஊரில் ஸ்ட்ராபெர்ரி பயிரிடுகிறார்கள். நாற்றை மட்டும் கனடாவின் நோவா ஸ்கோஷியா போன்ற வடக்குப் பகுதிகளிலிருந்தும், வட கலிபோர்னியாவின் உயரமான நாற்றங்கால்களிலிருந்தும் வரவழைக்கிறார்கள். நாற்று அங்கேயே குளிரைச் சேமித்துக்கொண்டு வருகிறது. ரகம் ஒன்றுதான், ஆனால் வந்த நாற்றங்காலைப் பொறுத்து முதல் பழம் வரும் தேதியும் ஆரம்ப மகசூலும் மாறும். செடி நேற்றைய ஊரை இன்றைய ஊரில் கொஞ்ச நாள் நினைவில் வைத்திருக்கிறது. மேலே சொன்ன கோயம்புத்தூர்ச் செடியும் அதைத்தான் செய்தது.

மகாபலேஸ்வர் பக்கத்திலும் இதே தர்க்கம் வேறு வடிவில் நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து தாய்ச்செடி தருவித்து, மழைக்காலத்தில் கீழே உள்ள வாய் (Wai) என்ற ஊர்ப் பக்கம் ரன்னர் எடுத்து, மழை ஓய்ந்ததும் மேலே நடுகிறார்கள். ரன்னருக்கு வெதுவெதுப்பு, பழத்துக்குக் குளிர்ச்சி. இரண்டு வேலைக்கும் இரண்டு உயரம்.

நினைவு இதைவிட ஆழமாகவும் போகிறது. காட்டு ஸ்ட்ராபெர்ரியில் வெப்பம், உப்பு போன்ற நெருக்கடிகளுக்குப் பிறகு டி.என்.ஏ. மேல் ஒட்டியிருக்கும் மெத்தில் குறிகள் மாறுவதைக் கண்டிருக்கிறார்கள். டி.என்.ஏ. எழுத்து மாறவில்லை, அதன் மேல் வைத்த அடையாளம்தான் மாறுகிறது. வெப்பத்தில் சில தலைமுறை ரன்னர் விட்ட செடியின் சேய்களையும் குளிரில் விட்டவற்றின் சேய்களையும் பிறகு ஒரே இடத்தில் வளர்த்தபோது, அவை நடந்துகொண்ட விதத்தில் வித்தியாசம் நீடித்தது. இதை வைத்து "செடி கற்றுக்கொள்கிறது" என்று பெரிய தலைப்புப் போடுபவர்களை எனக்குப் பிடிக்காது. ஆனால் நாற்றின் பூர்வீகத்தை விசாரிக்க இது நல்ல காரணம்.

நன்றாகச் சிவந்த பழம்தானே இனிப்பு?

இந்த நம்பிக்கையில்தான் சந்தையே ஓடுகிறது. வளரும் சூழல் அதைக் கவிழ்த்துவிடும்.

அமெரிக்காவில் எர்லிகுளோ, கென்ட் என்ற இரண்டு ரகங்களை நான்கு வெப்பநிலைகளில் வளர்த்துப் பார்த்தார்கள். மிகக் குளிர்ந்தது பகல் 18, இரவு 12 டிகிரி. மிக வெப்பமானது பகல் 30, இரவு 22. வெப்பம் ஏற ஏற பழத்தின் தோலும் சதையும் கருஞ்சிவப்பாயின, நிறமிகள் கூடின, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறனும் கூடியது. சர்க்கரை குறைந்தது, பழமும் சிறுத்தது. குளிரில் வளர்ந்த பழம் வெளிறியும் இனித்தும் இருந்தது.

காரணம் புரியாதது ஒன்றுமில்லை. பூவிலிருந்து பழம் வரை சாதாரணமாக ஒரு மாதம். குளிரில் அது நீளும், வெப்பத்தில் சுருங்கும். நீளும்போது இலை தயாரித்த சர்க்கரையைப் பழம் நிதானமாக வாங்கிச் சேர்க்கிறது. இரவும் குளிர்ந்திருந்தால் சுவாசத்தில் வீணாகும் சர்க்கரையும் குறைவு. நீலகிரியில் தை, மாசியில் பகல் பளிச்சென்று வெயில், இரவில் பல் கிட்டும் குளிர். அந்தப் பழத்தை ஆனி மழையில் பறித்த பழத்தோடு வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள், கருவி தேவையில்லை. ஆனியில் வெளிச்சம் இல்லை, தண்ணீர் அதிகம், சாம்பல் பூஞ்சை வேறு.

தண்ணீரைச் சற்றுக் குறைத்தால் இனிப்பு கூடும் என்பதும் உண்மை. பழம் சிறுத்து, உள்ளதே அடர்த்தியாகிறது. எடைக்கு விற்பவருக்கு அது நஷ்டம், வீட்டில் சாப்பிடுபவருக்கு லாபம்.

காட்டு ஸ்ட்ராபெர்ரியின் மணம் கடைப் பழத்தில் ஏன் இல்லை?

இங்கே மரபுக்குத்தான் முதல் பங்கு. வெஸ்காவில் மெத்தில் ஆந்த்ரானிலேட் என்ற பொருள் இருக்கிறது, கறுப்புத் திராட்சையை நினைவூட்டும் வாசனை. பெரும்பாலான வளர்ப்பு ரகங்கள் அதை இழந்துவிட்டன. தயாரிக்கும் திறன் உள்ள சில ரகங்களிலும் அதன் அளவு பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும். காமா டெக்கலாக்டோன் என்ற பீச் பழ வாசனை கதை வேறு. ஒரு மரபணு இருந்தால் வரும், இல்லாவிட்டால் எந்த மலையில் நட்டாலும் வராது.

ஒரே செடியில் ஒரு பழம் பெரிசு, ஒரு பழம் பொடிசு. இதுவும் சூழலா?

இல்லை, இது வரிசை. பூங்கொத்தில் முதலில் மலரும் பூதான் பெரிய பழம் தரும். அடுத்தடுத்த கிளைகளில் வருபவை படிப்படியாகச் சிறுக்கும்.

ஸ்ட்ராபெர்ரியில் நாம் தின்னும் சிவப்புச் சதை உண்மையில் வீங்கிய பூத்தளம். மேலே கடுகைவிடச் சிறிதாக ஒட்டியிருப்பவைதான் கனிகள், ஒரு பழத்தில் சுமார் 200 இருக்கும். நிட்ச் என்ற ஆய்வாளர் 1950-ல் இளம்பழத்திலிருந்து அவற்றைக் கிள்ளி எடுத்தார். சதை வளர்வது நின்றது. அந்த இடத்தில் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தடவியபோது மீண்டும் வளர்ந்தது. அதாவது ஒவ்வொரு "விதை"யும் தன்னைச் சுற்றியுள்ள சதைக்கு வளரச் சொல்லி உத்தரவு போடுகிறது. முதல் பூவில் அவை அதிகம், அதனால் பழம் பெரிது.

சூழல் இந்த இடத்தில்தான் நுழைகிறது. தேனீ வராத மழைநாளில் சில கனிகள் கருவுறாமல் போனால் அந்தப் பக்கம் சதை ஒட்டிப்போகும். கோணல் பழத்தைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். குழிந்த பக்கத்தில் விதைகள் பொடிப்பொடியாக, நெருக்கமாக, சப்பையாக இருக்கும். உப்பிய பக்கத்தில் அவை குண்டாக, தள்ளித் தள்ளி நிற்கும். அந்தப் பூ மலர்ந்த நாளின் வானிலையை அதிலேயே படித்துவிடலாம்.

நானே ஒரு வருஷம் இரண்டு தொட்டிகளை ஒப்பிட்டு, நிழல் தொட்டியில் பழம் பெரிது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: நிழலில் எடுத்தது முதல் பழம், வெயிலில் எடுத்தது மூன்றாம் வரிசைப் பழம்.

காட்டு இனங்களில் சூழலின் கைவண்ணம் எப்படித் தெரிகிறது?

இலையைப் பார்த்தாலே போதும். ஃபிராகேரியா சிலோயென்சிஸ் அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியா வரை பசிபிக் கடற்கரை மணல்மேடுகளிலும், பிறகு தெற்கே சிலியிலும் வளர்கிறது. ஹவாய் மலைகளிலும் உண்டு, பறவைகள் கொண்டுபோனதாகக் கருதுகிறார்கள். இலை தடிப்பு, மேல்பக்கம் எண்ணெய் தடவியது போல் பளபளப்பு, உப்புக்காற்றைத் தாங்கும். வட அமெரிக்கப் புல்வெளிகளின் ஃபிராகேரியா வர்ஜினியானாவுக்கு இலை மெல்லியது. இந்த வித்தியாசம் இனத்துக்கு இனம் மரபாகிவிட்டது. ஒரே இனத்துக்குள், ஒரே செடியை நிழலில் வைத்தால் காம்பு நீண்டு, இலை அகன்று மெலியும். வெயிலில் வைத்தால் காம்பு குட்டையாகி இலை தடிக்கும்.

கலிபோர்னிய மணல்மேட்டில் கண்ட இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே ஓரிடத்தில் வெளிச்சம் இருக்கும், தண்ணீர் இருக்காது. இரண்டடி தள்ளி புதர் நிழலில் ஈரம் இருக்கும், வெளிச்சம் இருக்காது. சிலோயென்சிஸ் ரன்னர் இரண்டு இடத்தையும் தொட்டுக்கொண்டு கிடக்கும். ஆல்பர்ட், மூனி என்ற இருவர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில், ரன்னர் அறுபடாத வரை வெயில் செடி நிழல் செடிக்குச் சர்க்கரை அனுப்புவதையும், ஈரச்செடி காய்ந்த செடிக்குத் தண்ணீர் அனுப்புவதையும் காட்டினார்கள். கூட்டுக்குடும்பம் மாதிரிதான். ரன்னரை வெட்டினால் பாகப்பிரிவினை, இரண்டும் திண்டாடும். அப்படிப் பார்த்தால் "ஒரு செடியின் சூழல்" என்பது அது நிற்கும் ஒரு சாண் நிலத்தோடு முடிவதில்லை.

ஆண் செடி, பெண் செடி என்பதிலும் சூழல் தலையிடுமா?

ஓரளவு. காட்டு வர்ஜினியானாவில் பெண் செடி, ஆண் செடி, இருபால் செடி மூன்றும் கலந்து இருக்கும். பெண் செடி எங்கும் ஒரே மாதிரி காய்க்க முயலும். இருபால் செடி உரம் உள்ள மண்ணில் நன்றாகக் காய்க்கும், வறண்ட மண்ணில் காய்ப்பதைக் குறைத்துக்கொண்டு மகரந்தம் மட்டும் கொடுத்து ஆண் போல நடந்துகொள்ளும்.

சூழல் மேல் பழிபோடத் தோன்றும், ஆனால் காரணம் பாலினம் என்ற கதை ஒன்றும் உண்டு. ஃபிரெஞ்சு ராணுவப் பொறியாளர் அமெதே ஃபிரான்சுவா ஃபிரெசியே, சிலியில் அக்ரூட் அளவு பழம் கண்டு வியந்து, 1714-ல் சில சிலோயென்சிஸ் செடிகளைப் பத்திரமாகக் கப்பலில் கொண்டுவந்தார். ஐரோப்பாவில் அவை தளதளவென்று வளர்ந்தன, காய்க்கவில்லை. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, மண் சரியில்லை என்று எத்தனை காரணம் சொல்லலாம்! உண்மை என்னவென்றால் அவர் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த, பெரிய பழம் தந்த செடிகள் எல்லாம் பெண். பிரிட்டானி விவசாயிகள் பக்கத்தில் வர்ஜினியானாவை நட்ட பிறகு பழம் கொட்டியது. அந்தக் கலப்பில் பிறந்ததுதான் இன்று நாம் தின்னும் ஃபிராகேரியா அனனாசா. பெயரில் அன்னாசி இருப்பது மணத்துக்காக. அதன் பெற்றோர் யார் என்பதை 1766-ல் எழுதி வைத்தவர் அந்துவான் நிக்கோலா துய்ஷேன் என்ற இளைஞர்.

வளர்ப்பு ஸ்ட்ராபெர்ரிக்கு எட்டுத் தொகுதி குரோமோசோம் என்கிறார்களே. அதனால் எந்தச் சூழலையும் தாங்குமா?

ஒரு தொகுதிக்கு ஏழு குரோமோசோம். வெஸ்காவுக்கு இரண்டு தொகுதி, ஆக 14 (இருமடியம்). அனனாசாவுக்கு எட்டுத் தொகுதி, ஆக 56 (எண்மடியம்). அதன் பெற்றோர் இரண்டுமே ஏற்கெனவே 56 கொண்ட எண்மடிய இனங்கள்தான். ஒரே வேலைக்குப் பல பிரதிகள் இருப்பதால் வளைந்துகொடுக்க இடம் அதிகம் என்பது பழைய ஊகம். ஓரிகன் மாநிலத்தில் குளிர், மிதம், வெப்பம் என்று மூன்று தட்பவெப்பமுள்ள தோட்டங்களில் காட்டு இனங்களை நட்டுப் பார்த்து, 2019-ல் வெளிவந்த ஆய்வு அதற்கு வலு சேர்த்தது. சராசரியாகப் பன்மடிய இனங்கள் இருமடிய இனங்களைவிட நன்றாகத் தாக்குப்பிடித்தன. "எந்தச் சூழலையும்" என்பது மட்டும் மிகை. உப்புத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள், வளர்ப்பு ரகம் இலை ஓரம் கருகி முதலில் விழும். கடற்கரைப் பாட்டியின் அந்தக் குணம் பேத்திக்குச் சரியாக இறங்கவில்லை.

நீலகிரியில் காட்டு ஸ்ட்ராபெர்ரி உண்டா?

உண்டு, பெயரிலேயே நம் மலை இருக்கிறது: ஃபிராகேரியா நீல்கிரென்சிஸ். கிழக்கு இமயமலை, தென்சீனா பக்கமும் பரவியிருக்கும் இந்த இருமடிய இனத்துக்குத் தென்னிந்தியாவில் இருப்பிடம் நம் மலைகள். இலை தடித்து ரோமம் அடர்ந்தது, பூ வெள்ளை, பழம் வெளிறியது, மணம் தூக்கலானது. இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவில் இத்தனை நூறு மைல் வெப்பச் சமவெளி. இரண்டு மலையின் செடியையும் ஒரே தோட்டத்தில் நட்டுப் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை.

பலர் சாலையோரம் பார்த்துப் படம் அனுப்புவது இதை அல்ல. அது பொட்டென்டில்லா இண்டிகா, போலி ஸ்ட்ராபெர்ரி. பூ மஞ்சள், பழம் உருண்டையாக, செக்கச்செவேலென்று வானத்தைப் பார்த்து நிற்கும். வாயில் போட்டால் தண்ணீர் சுவைதான். பூ வெள்ளையா மஞ்சளா என்று பார்த்தால் போதும். அசலைக் கண்டால் பிடுங்கி வராதீர்கள், படம் போதும்.

சூழல் எவ்வளவு முயன்றாலும் மாற்ற முடியாதவை எவை?

வெஸ்காவில் வெள்ளைப் பழ வகை ஒன்று உண்டு. நிறமியைத் தூண்டும் மிப்10 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாற்றம். எந்த வெயிலிலும் அது சிவக்காது. அளவும் அப்படித்தான். காட்டுப் பழம் ஒரு கிராமைச் சுற்றியே நிற்கும், சந்தைப் பழம் 20 கிராம் சாதாரணம். வெஸ்காவுக்கு எவ்வளவு எரு போட்டாலும் இலைதான் பெருக்கும்.

வளர்ப்பு ரகங்கள் வளைந்துகொடுக்கும் குணத்தை இழந்துவிட்டனவா?

எதில் என்று பார்க்க வேண்டும். சொட்டுநீர், மல்ச்சிங் ஷீட், உரக்கரைசல் எல்லாம் கொடுத்து, அந்தச் சொகுசில் எது அதிகம் காய்க்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவை இவை. சொகுசு இருக்கும் வரை ஊர் மாறினாலும் நன்றாகவே நடக்கும். 1990களில் கலிபோர்னியாவிலிருந்து வந்த கமரோசா ஸ்பெயின், துருக்கி, சிலி, மகாபலேஸ்வர் என்று எங்கும் காய்த்தது. சொகுசை நிறுத்தினால்தான் சாயம் வெளுக்கும்.

வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்க முடியுமா?

தாராளமாக. ஒரே தாய்ச்செடியிலிருந்து ஆறு ரன்னர் எடுங்கள். ஒரே அளவு தொட்டி, ஒரே மண்கலவை. மண்ணின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். 5.5 முதல் 6.5 வரை இருக்கட்டும். மூன்றை முழு வெயிலிலும் மூன்றை நிழல்வலைக்குக் கீழும் வையுங்கள். தண்ணீர் ஒரே அளவு. ஆறு வாரம் கழித்து மூன்றாவது இலையின் காம்பை ஸ்கேலால் அளந்து எழுதுங்கள். பூத்த தேதி, ரன்னர் எண்ணிக்கை, முதல் வரிசைப் பழத்தின் எடை. முதல் வரிசை மட்டும், என் கதி உங்களுக்கு வேண்டாம். அடுத்து வேறொரு ரகத்தில் இதையே செய்தால், இரண்டு ரகமும் நிழலுக்கு ஒரே அளவு மாறுகிறதா இல்லையா என்பது தெரியும்.

சரி, நாற்று வாங்கும்போது என்ன கேட்க வேண்டும்?

ரகத்தின் பெயரைக் கேளுங்கள். ரன்னர் எடுத்தது எந்த ஊர், எந்த மாதம் என்று கேளுங்கள். தாய்ச்செடி எத்தனை வருஷப் பழசு என்று கேளுங்கள், பல வருஷம் ஓட்டிய தாயிடம் வைரஸ் சேர்ந்திருக்கும். பிறகு குறுந்தண்டைப் பெருவிரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். பூவும் பழமுமாகத் தொங்கும் செடியைத் தவிர்த்துவிட்டு, நாலைந்து இலையோடு சும்மா நிற்கும் செடியை எடுங்கள்.